கடைசி வரி

அமுதவல்லி பட்டியலை மூன்றாவது முறையாக மேலிருந்து கீழே படித்தாள்.

உயிரியல் பிரிவில் அந்தப் பெயர் இல்லை.

கணினிப் பிரிவில் இல்லை. வணிகவியலிலும் இல்லை.

கடைசித் தாளில் இருந்தது. மோனிஷா, 431 மார்க். ஆடை வடிவமைப்பு.

தையல், அவ்வளவுதான். பேரை எப்படி வைத்தால் என்ன.

தன் மகள் தர்ஷினியின் பெயரை முதல் தாளிலேயே பார்த்திருந்தாள். 394. உயிரியல். பார்த்ததும் வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மடக்கு மேசை. மே மாதம் வந்தால் அமுதவல்லியை அங்கேதான் பார்க்கலாம். ஒன்பது வருஷமாக அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குப் பதினோராம் வகுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள். சாதிச் சான்றிதழுக்கு எங்கே போவது, டிசியில் பேர் தப்பாக இருந்தால் யாரைப் பிடிப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டாள்.

எழுதி முடித்ததும் கீழே ஒரு வரி சேர்ப்பாள்.

எந்தப் பிரிவு கிடைத்தாலும் சம்மதம்.

சும்மா இல்லை. முதல் வருஷம் வந்த ஒரு பெண் ஒரே ஒரு பிரிவுதான் கேட்டாள். கிடைக்கவில்லை. வேறு பள்ளிக்கூடம் தேடி அலைய அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூலையில் அந்தப் பெண் எக்ஸ்போர்ட் கம்பெனி வேனில் வேலைக்கு ஏறிப் போவதை அமுதவல்லி இதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் அந்த வரி இல்லாமல் ஒரு விண்ணப்பமும் இந்த மேசையை விட்டுப் போனதில்லை.

மோனிஷா வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அவள் அம்மா கன்னியம்மா ஆஸ்பத்திரி லேபில் கூட்டிப் பெருக்குகிறவள். ஒருநாள் அங்கே யாரோ மோனிஷாவைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேறு நினைப்பே இல்லை. உயிரியல் மட்டும் போட்டால் போதும் ஆன்ட்டி, என்று இரண்டு தடவை சொன்னாள். அமுதவல்லிதான் அதட்டிவிட்டு அந்த வரியையும் எழுதினாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றாள்.

இப்போது உள்ளே போய் சேர்க்கை டீச்சரைக் கேட்டாள். அவர் நல்லவர். உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டினார். உயிரியலுக்குக் கூட்டம் தாங்கவில்லை, தையலுக்கு ஆளே இல்லை. எதுவானாலும் சரி என்று எழுதியவர்களைக் காலி இடத்தில் போட்டோம். இந்த வருஷம் பிடிவாதமாக ஒன்றையே கேட்டவர்களுக்கு அதையே கொடுத்தோம். பட்டியல் மேலே போய்விட்டது, இனி மாற்ற வழியில்லை என்றார்.

மோனிஷாவின் கையொப்பத்துக்கு மேலே அமுதவல்லியின் கையெழுத்தில் அந்த வரி. குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

திரும்பி வந்தபோது மேசையருகே கன்னியம்மா நின்றிருந்தாள். கையில் ரோஸ் மில்க் பாட்டில். இடம் கிடைத்துவிட்டது என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். எந்தப் பிரிவு என்று கேட்டாள். அமுதவல்லி சொன்னாள்.

கன்னியம்மா பள்ளிக்கூட வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு, தையலும் நல்லதுதானே, கைத்தொழில் ஆச்சே என்றாள். பாட்டிலை மேசையில் வைத்தாள்.

இரண்டாம் கட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணிடம் திரும்பினாள்.

"யம்மா, கடைசில ஒரு வரி எழுதுவாங்க, அத மட்டும் வுட்றாத. அதனாலதான் எம்பொண்ணுக்கு சீட்டு கெடச்சது."

அந்த முதல் வருஷத்துக்கு அப்புறம் அந்த வரி இல்லாமல் அமுதவல்லி எழுதிய விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அதை இந்த மேசையில் எழுதவில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் கை தானாக நின்றது. இங்கே கிடைக்காவிட்டால் என்ன, மகளுக்காக நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கத் தன்னால் முடியும் என்று நினைத்தாள். பேனாவை மூடினாள்.

அதில் தப்பு இருப்பதாக அன்றைக்குத் தோன்றவில்லை.

மோனிஷா பட்டியலைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தாள். அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, தர்ஷினியும் அந்த வரி எழுதினாளா?"

ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை அமுதவல்லி காத்திருந்தாள்.

"எழுதினாம்மா."

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்ப சரி ஆன்ட்டி. அவளுக்கு நேரம் நல்லா இருந்திருக்கு. மைக்ராஸ்கோப்ல வெங்காயத் தோல் வச்சுக் காட்டுவாங்களாம். எப்படி இருந்துச்சுன்னு எனக்கு வந்து சொல்லச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றாள் அமுதவல்லி.

அம்மாவும் மகளும் ரோட்டைக் கடந்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து மோனிஷா ஒருமுறை கையாட்டினாள்.

எதிரே இருந்த பெண் விண்ணப்பத்தை நகர்த்தி, கடைசி வரிக்கான இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.