மீன்வால் மை

"ஆடாம இருங்க, மை கோணிரும்" என்றாள் அப்சானா.

பழைய சினிமா நாயகிகளைப் போல ஒப்பனை செய்ய அவள் கே.கே. நகரில் பயிற்சி எடுக்கிறாள். கடைக்கண்ணில் மீன்வாலாக மை இழுப்பதுதான் கைக்கு வரவில்லை. பழகிப் பார்க்க முகம் கேட்டால் தோழிகள் நழுவிவிடுகிறார்கள். இந்த முகம் மட்டும் தினமும் காலையில் கண்ணை மூடி உட்காருகிறது.

"இன்னைக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல வந்திருச்சு. அழிச்சு விடவா?"

"வேணாம்மா. நம்மூரு வெயிலுக்கு நிக்குதான்னு பாத்துட்டுச் சாயங்காலம் சொல்றேன்."

"யாராச்சும் கேட்டா?"

மீசையைத் தடவிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டி, ஆட்டோ சாவியை எடுத்தார் அவளுடைய அத்தா சிஹாபுதீன்.

"தொழுகைக்குப் போட்ட சுர்மான்னு சொல்லிக்கிறேன். லிப்ஸ்டிக்க மட்டும் துடைச்சு விடு."