பெயர் அடியில் இருக்கிறது

மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் அந்த அப்பா.

மேசை நிறையக் களிமண் மிருகங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் செய்து, காயவைத்து, வர்ணம் பூசியவை. தன் பிள்ளை செய்தது எது என்று பெற்றவர்களே கண்டுபிடித்து எடுக்கவேண்டும். பெயர் அடியில் இருக்கும். திருப்பிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் சுவரோரம் வாயில் விரல் வைத்து நிற்கவேண்டும். வருடா வருடம் நான் நடத்துகிற கூத்து இது.

அம்மாக்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற வேலை. வந்தார்கள், எடுத்தார்கள், கொஞ்சினார்கள், போனார்கள்.

இவர்தான் திருதிருவென்று முழித்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன்பே வெளிநாட்டு வேலைக்குப் போனவர். நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்கிறார். தினமும் போனில் முகம் பார்ப்பாராம். முகம் பார்த்தால் கைவேலை தெரிந்துவிடுமா என்ன?

மகள் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண்ணில் இருந்த ஏக்கத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எடுங்க சார், சரியானதா எடுத்துத் தொலைங்க என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஓரத்தில் இருந்த யானையைக் கையில் எடுத்தார். மூன்றே காலில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்ற யானை.

சிரித்துவிட்டார்.

"சின்னதுல எம்பொண்ணும் இப்படித்தான் மிஸ். மூணு காலோட நிறுத்திடுவா. கேட்டா மண்ணு தீந்துபோச்சும்பா."

உடைந்துவிடப் போகிறதே என்று பார்த்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே அதை வைத்தார்.

அடுத்து குதிரையைத் தூக்கினார். வகுப்பிலேயே அழகான பொம்மை அதுதான். பிடரியைச் சீப்பால் கீறிக் கீறிச் செய்தது.

"இதுதான். இப்ப அவ பெரிய பொண்ணாயிட்டாளே!"

சுவரோரம் குதிரையின் சொந்தக்காரி பதறிப்போய் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற மகள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். கெஞ்சுவதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிப்பா கரெக்டா கண்டுபிடிச்சீங்க?"

மனிதருக்கு முகமெல்லாம் பல். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

நான் ஒரு வாயாடி. பள்ளிக்கூடமே சொல்லும். அன்றைக்கு நான் செய்ததெல்லாம், குதிரையை வாங்கி அடியில் இருந்த பெயர்மேல் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டி அவரிடமே கொடுத்ததுதான்.

குதிரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் போனார். வாசல் தாண்டும்போது மகள் மட்டும் ஒருதரம் திரும்பி மேசையைப் பார்த்தாள்.

அழுதுகொண்டிருந்த குதிரைக்காரியை மடியில் உட்காரவைத்துச் சமாதானம் செய்தேன். உனக்கு இதைவிடப் பெரிய குதிரை நானே கூட இருந்து செய்துதருகிறேன் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவால்ல மிஸ், பாவம் அவ" என்றாள்.

எல்லோரும் போனபிறகு யானையைக் கையில் எடுத்தேன். அடியில் பெயர் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

போன வாரம் இந்த யானைக்காகத்தான் அவர் மகளைத் திட்டினேன். நாய், பூனை, மாடு எல்லாவற்றையும் நாலு காலோடு கச்சிதமாகச் செய்கிறவள். இவ்வளவு மண் மிச்சம் கிடக்கிறதே, நாலாவது கால் எங்கேடி என்று கத்தினேன்.

அவள் யானையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். நாலு கால் வெச்சா எங்கப்பாவுக்கு அடையாளம் தெரியாது."