கடைவாய்ப் பல்

"பல் ரெண்டா பிளந்தே போச்சும்மா. சாப்பாட்டுல கல்லு கெடந்துதா?"

பல் மருத்துவர் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும். பிரசவ அறை வாசலில் காத்திருப்பவள் போல பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அவள் வேலை மக்காச்சோளத்தில் புது ரகம் உருவாக்குவது.

மக்காச்சோளத்தில் புரதம் உண்டு. ஆனால் உடம்பு கேட்கிற புரதம் குறைவு. அதைக் கூட்டித் தருகிற ஒரு குணமும் அந்தப் பயிரிலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் குணம் வந்தால் மணி மாவாகிவிடும். எடை குறையும், வண்டு துளைக்கும், விவசாயி வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

"சத்தான சோளம்தான். ஆனா சாப்பிடறது வண்டு" என்பார் ஆராய்ச்சி நிலைய டைரக்டர். அதற்கு அவர் வைத்த பெயர் சாக்பீஸ்.

அவள் விடவில்லை. கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கைப் போட்டு, மேலே மணிகளைப் பரப்பினாள். வெளிச்சம் முழுக்கப் புகுந்தால் அது சாதா மணி. புகவே இல்லையென்றால் வெறும் மாவு. இரண்டையும் ஒதுக்கினாள். பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமாகத் தெரிந்ததை மட்டும் எடுத்து விதைத்தாள். அதன் பிள்ளைகளிலும் அப்படியே. பருவம் பருவமாக.

இந்த முறை விளைச்சல் சந்தை ரகத்தை மிஞ்சிவிட்டது. சத்தும் குறையவில்லை. மணி கெட்டிப்பட்டதா என்ற சோதனை மட்டும்தான் பாக்கி. அதில் தோற்றால் அவளுக்கு ஒதுக்கிய நிலத்தில் வேறு பயிர் ஏறும்.

காலையில் வயலில் வரவேண்டிய முடிவு. இன்னும் வரவில்லை.

கதவு திறந்தது. மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்கம்மா. இந்த வயசுல பல்லோட வெளையாடக் கூடாது."

"ஐயய்யோ, அவர் என் வீட்டுக்காரர் இல்லீங்க டாக்டர். எங்க டைரக்டர். எல்லார் முன்னாடியும் என் மக்காச்சோளத்தைக் கடிச்சு நொறுக்கிக் காட்டறேன்னாரு."

மருத்துவரின் முதுகுக்குப் பின்னால், வீங்கிய கன்னத்தைப் பொத்தியபடி அவர் நின்றிருந்தார். வாய் நிறையப் பஞ்சு. அவளை முறைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"பாஷ்" என்றார்.

பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால் 'பாஸ்' என்று கேட்டிருக்கும்.