கடைசி பெஞ்ச்

பள்ளிக்கூடமே போகாமல் வீட்டிலேயே படிக்கும் ஷிஃபா, பதினான்கு வயது முடிந்த மறுநாள், தன் நாற்காலியை ஹாலின் பின்சுவர்வரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பாடம் நடத்தும் உம்மா ஏன் என்று கேட்கவில்லை. போர்டில் முக்கோணம் வரையத் திரும்பியதும் அவள் முதுகில் காகித ராக்கெட் ஒன்று வந்து குத்தியது.

“யார் விட்டது?”

“தெரியல மிஸ்.”

இதுவரை உம்மாவிடம் எதையுமே மறைக்கத் தெரியாத பிள்ளை. உம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, காலி ஹாலை ஒரு சுற்று முறைத்தாள்.

“விட்டவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் யாருக்கும் சாப்பாடு கிடையாது.”

ஷிஃபா ஜன்னலைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து மீன்குழம்பு மணத்தது. இருவருக்கும் நல்ல பசி. வகுப்பில் ஒருத்தர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.