ஒரே கண்டிஷன்

மாப்பிள்ளை வெளிநாடு போகக் கூடாது. கல்யாணத்துக்கு மிஸ்ரியா போட்ட ஒரே கண்டிஷன் அதுதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை சவூதியிலிருந்து வரும் வாப்பாவை, யாரோ என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்தவள் அவள்.

தென்காசியில் செல்போன் கடை வைத்திருந்த ஆசிப் அதற்குச் சம்மதித்துத்தான் அவளைக் கட்டினான்.

இப்போது அவளுக்கு ரெட்டைச் சந்தோஷம். வாப்பா அடுத்த மாதம் ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். ஆசிப்போ ஒன்றரை மாதமாக ஞாயிறு தவறாமல் அவளை வெளியே கூட்டிப் போகிறான். குண்டாறு அணை, பழைய குற்றாலம், இன்றைக்கு ஐந்தருவி.

"எதுக்கு மச்சான் என்னைய இத்தனை போட்டோ எடுக்கிய?"

"பாத்துக்கிட்டே இருக்கத்தான்ட்டி" என்று சிரித்தவன், போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் குளிக்கப் போனான்.

போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று வந்தது. அவளுடைய வாப்பாதான். ஆசையாக எடுத்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, விசா வந்துட்டு. வியாழக்கிழமை ப்ளைட்டு. என் இடத்துக்கு நீங்க வந்தாத்தான் என்னைய விடுவேன்னு முதலாளி சொல்லுதாரு. மிஸ்ரியாட்ட கடைசி நாள் சொன்னாப் போதும். ரெண்டு நாள் அழுவா. அப்புறம் அவ உம்மா மாதிரி பழகிருவா."

மிஸ்ரியா போனை வைத்தாள்.

ஈரம் சொட்டச் சொட்ட வந்தான் ஆசிப். "யாருட்டி போன்ல?"

அவள் துண்டை நீட்டினாள்.

"தலைய நல்லாத் துவட்டுங்க மச்சான். வியாழக்கிழமை ப்ளைட் ஏறப்போற ஆளு, சளி பிடிச்சிரப் போவுது."