மாடி அறைக்கு ஒரு லைன்

எட்டு வயரில் நாலைத்தான் சேர்த்திருந்தார்கள்.

நெட் லைன் பார்க்க வந்த ஜெபராஜ் கேபிளின் நுனியை வெட்டி அவளிடம் காட்டினான். நாலு வயர் பிளக்கைத் தொட்டிருந்தது. மிச்ச நாலும் சும்மா மடங்கிக் கிடந்தன.

"அதான்க்கா ஸ்பீடு நூறத் தாண்டல. அவசரத்துல எவனோ பாதி வேலையப் பாத்துட்டுப் போயிருக்கான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்த நூறுதான் அவள் கணவன் சொல்லிவைத்திருந்த கடைசிக் காரணம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூரு ஆபிஸில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். விருதுநகரில் நெட் சரியில்லையே, எப்படி வருவது என்றான் அவன்.

டெலிபோன் லைன் உதவாது, ஃபைபர் வேண்டும் என்றான். போட்டாள்.

மாடி அறைக்கு வைஃபை ஏறாது என்றான். சுவரைத் துளைத்து மாடிவரை கேபிள் இழுத்தாள்.

கேபிளில் கேட் ஃபைவ் ரகம் பத்தாது, கேட் சிக்ஸ்தான் வேண்டும் என்றான். கடையில் தப்பில்லாமல் கேட்க வேண்டுமே என்று பஸ்ஸில் போகும்போதே முணுமுணுத்துக்கொண்டு போனாள். அதையும் மாற்றினாள். அப்புறம் ரௌட்டரையும்.

கல்யாணத்துக்குக்கூட அவன் இத்தனை கண்டிஷன் போடவில்லை.

ஜெபராஜ் வயர்களை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கினான். ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஜோடி. எட்டையும் புது பிளக்கில் நுழைத்து அழுத்தினான். மறுமுனையையும் அப்படியே செய்தான்.

லேப்டாப்பில் ஸ்பீடைச் சோதித்தார்கள்.

முள் நூறைத் தாண்டியது. இருநூறு. முந்நூறில் போய் நின்றது.

"இனிமே சார் ஒரு குறை சொல்ல முடியாதுக்கா" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். திரையைப் போனில் படம் எடுத்தாள்.

அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது.

சொல்ல ஒரு குறையும் இல்லை. அப்புறமும் அவன் வரவில்லை என்றால்?



ஜெபராஜ் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவன் கேட்டைச் சாத்தும் சத்தம் வரும்வரை காத்திருந்தாள். பிறகு படத்தை அழித்தாள்.

'ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சுங்க. இன்னும் சரியா வரல.'

ஒரு பதிலுக்கு ரெண்டு நாள் காக்க வைக்கிறவன் அவன். அவள் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'அப்படியா? சரி விடும்மா. பாவம், நீ எதுக்கு அலையுற? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சாப்டியா?'

சாப்பிட்டாயா என்று அவன் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

'சாப்டேங்க' என்று அனுப்பினாள்.