மீனுக்குப் புதுத் தொட்டி

"மீனெல்லாம் வளர்ந்து போச்சுங்க சார். தொட்டிதான் பத்த மாட்டேங்குது!" என்று பெருமையாகச் சிரித்தார் சென்னியப்பன்.

மண்ணரை என்ற ஊரில் பனியன் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறை அவருடையது. பட்டறைக் கழிவு இறங்கித் தன் கிணறு கெட்டுவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துத் தெய்வாத்தாள் புகார் கொடுத்திருந்தாள். அதை விசாரிக்கத்தான் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தொட்டியில இருக்கறது எந்தத் தண்ணி?" என்று கேட்டார் ஆபீசர்.

"பட்டறையில இருந்து வெளிய உடற தண்ணிதானுங்க சார். மீனே சாகலீங்க. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?"

பச்சைப் பொய். அந்தத் தொட்டிக்கு எப்போதும் நல்ல தண்ணீர்தான். ஆபீசர்களுக்குக் காட்டவென்று வாங்கிய தங்கமீன்கள். வாங்கின பிறகு மனுஷன் அதுகள் மேல் உயிரையே வைத்துவிட்டார். அதுகளுக்கு இரை போடாமல் அவருக்குக் காலை டீ இறங்காது. இன்றைக்கு மாற்றிவிடலாம் என்று கோயமுத்தூரிலிருந்து கட்டில் நீளத்துக்குப் புதுத் தொட்டியும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

முன்பு வந்த ஆபீசர்கள் எல்லாரும் மீனைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். இவரும் அப்படியே போய்விட்டால் தெய்வாத்தாள் தோட்டத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பனியன் கம்பெனிக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். வாங்குவதற்குச் சென்னியப்பன் தயாராகத்தான் இருந்தார்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. தெய்வாத்தாள் இடுப்பில் ஒரு குடத்தோடு உள்ளே வந்தாள். வண்டியில் இன்னும் குடங்கள் இருந்தன.

"ஏனுங்க மொதலாளி, புதுத் தொட்டிக்கு நானே தண்ணி கொண்டாந்திருக்கறனுங்க. ஊத்தட்டுங்களா?"

சென்னியப்பன் எழுந்து புதுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "நீ எதுக்கம்மிணி சிரமப்படறே?"

"உங்க பட்டறைத் தண்ணி எறங்கறது என்ற கெணத்துலதானுங்க. இந்தத் தொட்டியில மீனு வளருதுன்னா, என்ற கெணத்துத் தண்ணியிலயும் வளரோணுமல்லங்க?"

"நியாயம்தானே, ஊத்துங்கம்மா," என்றார் ஆபீசர்.

அவள் குடம் குடமாகக் கவிழ்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிணறு பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும் என்பதும், அதைக் குடித்துத்தான் அவளுடைய தென்னைகள் மொட்டையாக நிற்கின்றன என்பதும் சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

"புதுத் தண்ணியில உடனே மீனை உடக்கூடாதுங்க சார். ஒரு நாளாவது வெக்கோணும்," என்று இழுத்தார்.

"நாங்க அப்படியெல்லாம் வெச்சுக் குடிக்கலீங்களே! எறைச்சோம், குடிச்சோம். என்ற மாடும் குடிச்சுது, கொறமாசத்துலயே கன்னு வீசிருச்சு. மீனு மட்டும் என்ன மகாராசாவுங்களா?"

சென்னியப்பன் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஏ அம்மிணி, உனக்கு என்னதான் வேணும்? நாளைக்குப் பேசிக்கலாம், போ."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க," என்று அவள் உரக்கவே சொன்னாள். "நாளைக்குப் பேசிப் பேசித்தான் என்ற தோட்டம் பாழாப் போச்சு. இன்னைக்கு மீனை மாத்தாம நான் இந்த எடத்தை உட்டு நகரமாட்டனுங்க."

சொன்ன கையோடு தொட்டியோரம் கிடந்த மீன் வலையை எடுத்தாள். இருந்ததிலேயே பெரிய மீனை ஒரே அள்ளாக அள்ளினாள். அது வலையில் துடித்தது.

"உடு!" சென்னியப்பன் பாய்ந்து வந்து வலைக் காம்பைப் பிடித்தார். "செத்துப் போயிரும்! உன்ற கெணத்துத் தண்ணி வெசம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ஆபீசர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "விஷம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க எறங்கறது உங்க தண்ணிதானே?"

ஆபீசர் எழுந்துவிட்டார். "வாங்கம்மா, உங்க கிணத்தைக் காட்டுங்க."

"இதோ வந்தனுங்க," என்ற தெய்வாத்தாள், காம்பை வெடுக்கென்று பிடுங்கி வலையைப் புதுத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். "அய்யோ!" என்று சென்னியப்பன் முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் மெல்லப் பார்த்தபோது, மீன் வாலை ஆட்டிக்கொண்டு தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சொகுசாகப் போய் வந்துகொண்டிருந்தது.

தெய்வாத்தாள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பயப்படாதீங்க மொதலாளி. உங்க ஊட்டம்மாகிட்டக் கேட்டு, உங்க ஊட்டுத் தொட்டியில மொண்டாந்த குடிதண்ணிதானுங்க அது. வாயில்லாத சீவனுக்குப் போயி என்ற கெணத்துத் தண்ணியை ஊத்துவனுங்களா?"